இருபதாம் சீட்டு

2021 யனவரியில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு சீட்டுத் தொடங்கினோம். இருபது பங்கு, பங்குக்கு மாதம் 10,000 ரூபா, இருபது மாதம். ஒவ்வொரு மாதமும் ஒருவர் கையில் 2 லட்சம் சேரும். ஏலம் இல்லை, கழிவு இல்லை. அவசரம் உள்ளவர் முன்னுக்கு எடுப்பார், இல்லாதவர் பின்னுக்கு நிற்பார். சீட்டுப் பிடித்தவர் ஒழுங்கை முகப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால் கந்தோர் அம்மா. அவரிடம் நீலமட்டை போட்ட ஒரு கொப்பி இருந்தது. அதைத் தவிர வேறு எழுத்து எதுவும் எங்களுக்குள் இல்லை.

நான் இருபதாவது இலக்கத்தைக் கேட்டு வாங்கினேன். மூத்தவள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தாள். கம்பஸ் கிடைத்தால் ஒரு லப்டொப் வேண்டும். அது எப்படியும் 2022இல்தான். அதுவரை காசு கையில் இருந்தால் கரைந்துவிடும், சீட்டில் கிடந்தால் பத்திரம் என்று நினைத்தேன். சின்ன வயதில் இருந்து எனக்குச் சொல்லித் தந்தது அதுதான். கடைசிச் சீட்டை எடுப்பவர் பொறுமைசாலி, கடன்படாதவர், குடும்பம் நடத்தத் தெரிந்தவர். தபால் கந்தோர் அம்மாவும் "ரீச்சருக்கு இருபது" என்று எழுதும்போது அப்படித்தான் சொன்னார்.

இரண்டாவது சீட்டைப் பின்வீட்டுத் தங்கச்சி எடுத்தார். அந்தக் காசுக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினார். வேலைக்குப் போய்வர அவசரமாகத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். 2020 மார்ச்சில் இருந்தே அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்தது. டொலரைச் சேமிக்கத்தான். அதனால் நாட்டுக்குள் இருந்த பழைய வாகனங்களின் விலை ஏறத் தொடங்கியது. 2022 நடுப்பகுதியில் அந்த ஸ்கூட்டருக்கு அவர் வாங்கிய விலையின் இரு மடங்குக்கு மேல் கேட்டு வந்தார்கள். நான் கட்டிக்கொண்டிருந்த அதே 10,000 ரூபாவைத்தான் அவரும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னுக்கு எடுத்தார், நான் பின்னுக்கு நின்றேன். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அது ஒன்றுதான்.

பொருளாதார நெருக்கடி என்றவுடன் எல்லாருக்கும் காலிமுகத்திடல் போராட்டமும் ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் தடாகமும் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அந்த நீலமட்டைக் கொப்பிதான் வருகிறது. ஒரு நாட்டின் காசு சரியும்போது யாருடைய உழைப்பு யாருடைய கைக்குப் போகிறது என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்தக் கொப்பியின் இருபது பக்கங்களில் பார்த்தேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 முடிவில் வரிகளை வெட்டினார்கள்; பெறுமதி சேர் வரி 15 சதவீதத்தில் இருந்து 8 ஆனது. அடுத்த வருடம் கொரோனா வந்து உல்லாசப் பயணிகளை நிறுத்தியது. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து, நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். இவ்வளவுக்கும் நடுவில் டொலர் ஒன்று 200 ரூபாவை அண்டியே நிற்க வேண்டும் என்று பிடித்து வைத்திருந்தார்கள். 2019 முடிவில் 760 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு, 2022 மார்ச் ஆகும்போது 200 கோடிக்கும் கீழே போனது. 2022 மார்ச் 7ஆம் திகதி ரூபாவைக் கைவிட்டார்கள். மே மாதத்தில் டொலர் ஒன்று 360 ரூபா. அதற்கு முன்பே, ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்துவிட்டது.

எங்கள் வீட்டில் இதெல்லாம் எரிவாயுச் சிலிண்டராக வந்தது. 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபர் வரை கொழும்பில் 1,493 ரூபா. அந்த மாதமே 2,675 ஆனது. 2022 ஏப்ரலில் 4,860. அந்த விலை கொடுக்கவும் சிலிண்டர் இல்லை. 92 பெற்றோல் லீற்றர் 177 ரூபாவாக இருந்தது, யூன் முடிவில் 470. 400 கிராம் பால்மாப் பெட்டி 380 ரூபாவில் இருந்து ஆறு மாதத்துக்குள் 790. ஆசிரியர்களாகிய நாங்கள் 2021இல் மூன்று மாதத்துக்கு மேல் போராடி ஒரு சம்பள உயர்வை வாங்கியிருந்தோம். 2022 யனவரியில் அதுவும் வந்தது, எல்லா அரச ஊழியருக்குமான 5,000 ரூபா கொடுப்பனவும் வந்தது. அந்த மாதம் சம்பளத் துண்டைப் பார்த்து எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னமே அந்த உயர்வு இருந்த இடம் தெரியவில்லை.

என் அம்மாவுக்கு முதலில் இது பெரிதாகப் படவில்லை. "தொண்ணூறிலயும் இப்பிடித்தானே" என்றார். எங்கள் ஊரில் என் வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றியது. 1990 யூனில் போர் திரும்பத் தொடங்கிய பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டுக் கொளுத்திய விளக்கில்தான் நான் சாதாரண தரம் படித்தேன். மோட்டார் சைக்கிளைப் பெற்றோல் சொட்டில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஆகவே 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தபோது கொழும்பு கொதித்தது, எங்கள் ஒழுங்கையில் விளக்குத் திரிகளைத் தேடி எடுத்தார்கள். அம்மா முற்றத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டினார். மரவள்ளிக்கிழங்கு, குரக்கன் பிட்டு, ஒடியல் மா, முருங்கையிலை. பழைய கை பழைய வேலையை மறக்கவில்லை.

ஆனால் இது வேறு என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பொருள் வராமல் விட்டது. அப்போது இங்கே விலை தலைக்கு மேல் ஏறியது உண்மை. ஆனால் அப்பாவின் ரூபா ரூபாவாகவே இருந்தது. உயிரைப் பணயம் வைத்துக் கிளாலிக் கடலைக் கடந்து வவுனியா போய்ச் சேர்ந்தால், அதே நூறு ரூபாவுக்கு நாட்டில் எல்லாரும் வாங்குவதையே வாங்கலாம். எத்தனையோ பேர் அந்தக் கடலில் மாண்டார்கள். அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் கடந்துபோக ஓர் அக்கரை இருந்தது. 2022இல் நாட்டுக்குள் அப்படி ஓர் இடமே இல்லை. பணம் போகும் இடமெல்லாம் அதே பாதிப் பணமாகவே போனது. அந்த மார்ச் 22ஆம் திகதி வடக்கில் இருந்து படகேறி 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கினார்கள். பின்னர் இன்னும் பலர். போர் முடிந்து 13 வருடங்களுக்குப் பிறகு பசிக்குப் பயந்து கடலைக் கடந்தவர்களின் செய்தியைப் படித்த அன்றுதான் அம்மா "இது தொண்ணூறு இல்லை" என்றார்.

எங்கள் வீட்டுக் கணக்கையும் உள்ளபடி சொல்லவேண்டும். மாமனார் விட்டுப்போன ஒரு துண்டுக் காணியை விற்ற 5 லட்சம் என் பெயரில் நிலையான வைப்பில் கிடந்தது. 2021 டிசெம்பரில் முதிர்ந்தது. வங்கியில் இருந்த பிள்ளை "ஒரு வருடத்துக்குப் புதுப்பிப்போமா" என்று கேட்டாள், ஓம் என்றேன். வட்டி 6 சதவீதம். நாலு மாதம் கழித்து, 2022 ஏப்ரல் 8ஆம் திகதி, மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதற்குப் பிறகு புதிதாகக் காசு போட்டவர்களுக்கு 20க்கு மேல் வட்டி. என்னுடையது வருட முடிவு வரை 6இல் பூட்டிக் கிடந்தது. 2022 டிசெம்பரில் 5 லட்சத்து 30 ஆயிரமாகக் கைக்கு வந்தது. அந்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 57 சதவீதம். அதாவது அந்த 5 லட்சத்து 30 ஆயிரம், ஒரு வருடத்துக்கு முந்திய விலையில், 3 லட்சத்து 37 ஆயிரம். வைப்புப் பத்திரத்தில் ஒரு சதமும் குறையவில்லை, கூடித்தான் இருந்தது. அந்தக் காணித் துண்டோ விற்ற இடத்திலேயே அப்படியே கிடந்தது.

கடன் பக்கத்தில் எங்களுக்கு நேர்மாறாக நடந்திருக்க வேண்டும். காசு தேய்ந்தால் கடனும் தேயத்தானே வேண்டும்? நிலையான வட்டிக்குக் கடன் வாங்கியவர்களுக்கு அப்படித்தான் நடந்தது. என் கணவருக்கு ஒரு சின்ன அச்சகம். 2019இல் ஒரு மெஷினுக்காக ஒரு வங்கியில் கடன் எடுத்திருந்தார். பத்திரத்தின் நாலாம் பக்கத்தில் "மாறும் வட்டி" என்று இருந்ததை நாங்கள் இருவருமே சரியாகப் படிக்கவில்லை. 12 சதவீதமாக இருந்த வட்டி 2022 முடிவில் 27. மாதத் தவணை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எங்கள் சேமிப்புக்கு வட்டி பூட்டிக்கிடந்தது, எங்கள் கடனுக்கு வட்டி திறந்துகிடந்தது. இரண்டுமே நாங்கள் கையெழுத்து வைத்த கடதாசிகள். அதனால் இதைப் படிக்கிற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் கடன் பத்திரத்தை இன்றைக்கே எடுத்து அந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள்.

அச்சகத்தைப் பற்றி நான் இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊரின் பொருளாதாரத்தை அங்கே இருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். கடதாசி பெரும்பாலும் இறக்குமதி. டொலர் இல்லாமல் வங்கிகள் நாணயக் கடிதம் திறக்கவில்லை, கடதாசி வரவில்லை. 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையையே கடதாசி இல்லாமல் ஒத்திவைத்தார்கள். கொழும்பில் ஒரு பத்திரிகை நிறுவனம் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தியது. எங்கள் கடைக்கு 500 கலியாணக் கார்ட் அடிக்க வருபவர்கள் 100 கேட்டார்கள், மற்றவர்களுக்குப் போனில் படம் அனுப்புவதாகச் சொன்னார்கள். கோயில் திருவிழா நோட்டீஸ் பாதியளவாகச் சிறுத்தது. ஆனால் செத்தவீடு நிற்காதே. முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அடிக்காமல் விட எங்கள் சனத்துக்கு மனம் வராது. அறுபது பக்கத்தில் தேவாரம், திருவாசகம், குடும்ப வரலாறு, படங்கள் என்று அடித்தவர்கள் பதினாறு பக்கத்துக்கு வந்தார்கள். ஒரு மகன், தகப்பனின் மலரில் எந்தப் பதிகத்தை விடுவது என்று முடிவெடுக்க முடியாமல் கடை வாங்கிலில் அரை மணித்தியாலம் இருந்திருக்கிறார். கணவர் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. கடைசியில் எட்டுப் பக்கத்தைத் தன் கணக்கில் சேர்த்து அடித்துக் கொடுத்தாராம், அதையும் பல மாதம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்.

அதே கிழமை இன்னொரு குடும்பம் வந்தது. பிள்ளைகள் கனடாவில். முழுவதும் கலர், மினுங்கல் தாள், நூறு பக்கம். எந்த விலையும் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர்களில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. 2022 யனவரியில் 500 கனடா டொலர் அனுப்பினால் இங்கே 80,000 ரூபா, மே மாதத்தில் அதே 500 டொலர் 1 லட்சத்து 40 ஆயிரம். எங்கள் ஊரில் சாதி, சமயம், குறிச்சி என்று எத்தனையோ கோடுகள் ஏற்கெனவே உண்டு. அந்த வருடம் அவற்றுக்கு மேலால் இன்னொரு கோடு விழுந்தது: வெளியில் ஆள் உள்ள வீடு, ஆள் இல்லாத வீடு. எங்கள் வீடு இரண்டாவது. வெளியில் ஆள் உள்ளவர்களுக்கும் அது சும்மா வந்த காசு அல்ல. ரொறன்ரோவில் இரண்டு வேலை செய்யும் ஒரு தம்பிக்கு இங்கிருந்து ஒரு நாளைக்கு எத்தனை அழைப்புப் போனது என்று அவனுடைய அக்காவே எனக்குச் சொல்லி அழுதிருக்கிறார்.

அச்சகத்தில் பத்து வருடமாக நின்ற தம்பி அந்த ஆவணியில் கத்தாருக்குப் போனான். 2022இல் மட்டும் வெளிநாட்டு வேலைக்கென்று நாட்டை விட்டுப் போனவர்கள் 3 லட்சத்துக்கு மேல். அவன் போகிறேன் என்று சொல்ல வந்த அன்று, "நீ நில், சம்பளத்தைக் கூட்டுறன்" என்று சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பாடசாலைகள் யூன் நடுவில் மூடின, எரிபொருள் இல்லை. அதே மாதம்தான் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டில் தோட்டம் செய்யச் சொன்னார்கள். காங்கேசன்துறை வீதியில் பெற்றோல் செட் வாசலில் தொடங்கும் வரிசை சந்திகளைத் தாண்டி நின்றது. கணவர் இரண்டு இரவு மோட்டார் சைக்கிளோடு அங்கே படுத்தார். நாட்டின் பல இடங்களில் வரிசையில் நின்றபடியே உயிரை விட்டவர்கள் இருந்தார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று ஒரு ஒழுங்கு வந்தபோது எல்லாருக்கும் மூச்சு வந்தது.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு நான் பார்த்தவற்றை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. நான் நாலாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை பென்சிலால் எழுதிய பழைய கொப்பியை அழிறப்பரால் அழித்து, தாள் மெலிந்து கிழிந்து போக, அதிலேயே புதுப் பாடத்தை எழுதிக்கொண்டு வந்தாள். இன்னொருவன் முன்னாலிருந்து தமிழ், பின்னாலிருந்து கணக்கு என்று ஒரே கொப்பியில் எழுதினான். இரண்டும் நடுவில் சந்திக்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் சிலர் பெட்டியைத் திறக்காமல் தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஊரில் பசியை வெளியில் சொல்வது மானக்கேடு. வெள்ளைச் சட்டை தோய்த்து மடித்துப் போட்டிருக்கும், உள்ளே வயிறு காய்ந்திருக்கும். நாங்கள் ஆசிரியைகள் முறைவைத்து ஒரு சட்டி கஞ்சி காய்ச்சத் தொடங்கினோம். யாருக்கு என்று பிரிக்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊற்றினோம். பிரித்திருந்தால் குடிக்கவேண்டிய பிள்ளைகள் குடித்திருக்க மாட்டார்கள்.

செப்ரெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருளுக்கு மட்டும் 94.9 என்று செய்தியில் சொன்னார்கள். வறுமையில் இருப்போர் 13 சதவீதத்தில் இருந்து 25 ஆகிவிட்டார்கள் என்று உலக வங்கி கணித்தது. எனக்கு அந்த இலக்கங்கள் குழாயடியில் நின்ற பிள்ளைகளின் முகமாகத்தான் தெரிகின்றன.

சரி, சீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் இருபது பங்கில் ஒன்று இரண்டு அரைப் பங்காகப் பிரிந்திருந்தது. ஓர் அரைப் பங்கு இடியப்பம் அவிக்கும் அக்காவுக்கு. புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகள். விடிய மூன்று மணிக்கு எழும்பி அவித்து, கடைகளுக்கும் எங்கள் ஒழுங்கைக்கும் கொடுப்பார். மாதம் 5,000 கட்டினார். 2021 செப்ரெம்பரில், மாரிக்கு முன்னம் கூரைத் தகரம் மாற்ற வேண்டும் என்று தன் பங்கான 1 லட்சத்தை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் ஒரு மாதமும் தவறாமல் கட்டினார். 2022 ஏப்ரலில் கட்டவில்லை. மே மாதமும் இல்லை. யூனும் இல்லை. மா விலை, விறகு விலை, தேங்காய் விலை எல்லாம் ஏறிய பிறகு இடியப்பத்தின் விலையை அவரும் ஏற்றினார். ஏற்றியதும் வாங்குகிற சனம் குறைந்தது. இருபது வாங்கிய வீடு பத்து வாங்கியது. பிறகு அதே பத்தையும் கடனுக்கு வாங்கியது. நாங்களும் அந்த வீடுகளில் ஒன்று.

தபால் கந்தோர் அம்மா முற்றத்தில் எல்லாரையும் கூப்பிட்டார். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, "15,000 குறையுது. இந்த மாதங்களில எடுத்தவைக்கு நான் என்ர காப்பை அடைவு வைச்சுக் குடுத்திட்டன். அதை மீட்கோணும் எண்டா, கடைசிச் சீட்டிலதான் கழிக்கலாம்" என்றார். கடைசிச் சீட்டு என்னுடையது.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கமாட்டேன். பதினெட்டு மாதம் ஒரு நாள் பிந்தாமல் கட்டியவள் நான். அந்தக் கோபத்தோடுதான் அடுத்த நாள் பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். புதுத் தகரம் மினுங்கிக்கொண்டிருந்தது. கீழே அடுப்படியில் இடியப்பத் தட்டுகள் கவிழ்த்து அடுக்கி, மேலே துணி போட்டிருந்தது. அந்தத் தட்டுகள் அந்த நேரத்தில் நனைந்து கிடக்க வேண்டும், மா குழைக்கும் நேரம் அது. அவர் நான் எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. "ரீச்சர், காசாத் தர என்னட்டை இல்லை. இடியப்பமாத் தாறன்" என்றார்.

மா வாங்க 3,000 ரூபாவை நான் முன்பணமாகக் கொடுத்தேன். அது தனிக் கணக்கு, அதை அவர் ஆறு மாதத்தில் காசாகவே தந்து முடித்தார். மற்ற 15,000க்கு எத்தனை இடியப்பம் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். அன்றைய விலை ஒன்று 15 ரூபா. ஆகவே ஆயிரம் இடியப்பம், நாளுக்கு இருபது என்றால் ஐம்பது நாள். எனக்கு அது சரியாகப் பட்டது. அவர் தலையை ஆட்டினார்.

"இல்லை ரீச்சர். நான் அந்த ஒரு லட்சத்தை எடுக்கேக்க இடியப்பம் ஏழு ரூபா. ஏழு ரூபாக் காசுதான் நான் எடுத்தது. ஏழு ரூபாக் கணக்கிலதான் திருப்பித் தருவன்."

ஏழு ரூபாக் கணக்கில் 2,142 இடியப்பம். நூற்றியேழு நாள். அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. நான் வேண்டாம் என்று சொன்னேன், அவர் விடவில்லை. அவர் சொன்னது எனக்கு உறைக்கச் சில நிமிடம் எடுத்தது. ஒரு வங்கியும் அரசாங்கமும் எனக்குச் சொல்லாததை, என் 5 லட்சத்துக்கு நடந்ததை, அவர் அந்த அடுப்படியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குச் சட்டப்படி உரிய லாபம் அது. பணம் தேய்ந்ததால் அவருடைய கடனும் பாதியாகத் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்வில் தனக்குப் பங்கு வேண்டாம் என்றார். தேய்ந்தது என்னுடைய பங்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் பத்து ரூபாவுக்குச் சம்மதித்தோம். ஆயிரத்து ஐநூறு, எழுபத்தைந்து நாள். யூலையில் தொடங்கி ஒவ்வொரு நாளும் விடிய ஆறு மணிக்கு, வாழையிலை போட்டு மூடிய இருபது இடியப்பம் எங்கள் படலையடியில் வந்தது. அந்த இரண்டரை மாதமும் எங்கள் காலைச் சாப்பாடு அதுதான்.

ஓகஸ்டில் என் சீட்டு வந்தது. 15,000 கழித்து 1 லட்சத்து 85 ஆயிரம். சீட்டுத் தொடங்கியபோது முழு 2 லட்சம் ஏறக்குறைய 1,050 டொலர், முடிந்தபோது 555. சிலிண்டரில் எண்ணினால் 130க்கு மேல் வாங்கியிருக்கலாம், இப்போது 42. லப்டொப் நாங்கள் முதலில் பார்த்து வைத்தது ஒன்றரை லட்சத்துக்குள் இருந்தது, இப்போது அதே வகை 3 லட்சத்தைத் தொட்டது. என்னுடைய இரண்டு காப்பையும் வங்கியில் அடைவு வைத்தேன். பவுண் விலை ஏறி நின்றதால் கூடக் காசு தந்தார்கள். கூடத் தரும்போது சந்தோசமாகத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் காசுக்கும் சேர்த்து வட்டி ஓடி, எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு வீட்டு நகை திரும்ப வராமல் ஏலத்துக்குப் போனது. என்னுடையதை 2024இல்தான் மீட்டேன். மகள் அந்த லப்டொப்பைத் தொடும் முன் கையைத் துடைத்துக்கொள்வாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

இன்னொரு விலையையும் சொல்லாமல் விட முடியாது. அதே 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ஆனது. குருநகரிலும் பாசையூரிலும் படகு எஞ்சின் ஓடுவது அதில். தோட்டக்காரர் பலரின் தண்ணீர் மெஷினும் அதில். திருநெல்வேலிச் சந்தையில் மீனும் வெங்காயமும் அதற்குப் பிறகு எந்த விலைக்குப் போனது என்று இங்கே எழுதத் தேவையில்லை. அந்த மாதம்தான் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் உதவிக்கு ஒப்புதல் கொடுத்தது. செப்ரெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு இறங்கியது. தொலைக்காட்சியில் "விலைவாசி கட்டுக்குள்" என்றார்கள். என் வகுப்புப் பிள்ளை ஒன்று, "ரீச்சர், அப்ப இனிச் சாமான் பழைய விலைக்கு வருமா?" என்று கேட்டாள். மரத்தில் விறுவிறென்று ஏறியவன் மேலே போய் நின்றுவிட்டான், இறங்கவில்லை என்று சொல்லிக் கொடுத்தேன். ஏறும் வேகம்தான் நின்றது. சம்பளம் அப்போதும் அடிமரத்திலேயே நின்றது. அதே வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று வந்தபோது, தனியார் தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியின் பத்திரங்களைத்தான் குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். வங்கிகளை விட்டுவிட்டார்கள். வங்கிகள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கின்றன என்பது காரணம். கடையிலும் தொழிற்சாலையிலும் நின்று உழைத்தவர்கள் நொந்திருக்கவில்லையா என்று எனக்கு இன்றைக்கும் கேள்வி இருக்கிறது. எங்கள் அச்சகத் தம்பியின் பத்து வருட நிதியும் அதற்குள்தான் இருந்தது.

2024 யனவரியில் புதுச் சீட்டுப் பேச்சு வந்தது. பின்னுக்கு நிற்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. எல்லாருக்கும் முதல் ஐந்துக்குள் வேண்டும். தபால் கந்தோர் அம்மாதான் ஒரு வழி சொன்னார்: ரூபாவில் வேண்டாம், பவுணில் பிடிப்போம். அன்றன்றைக்கு ஒரு பவுணின் விலை என்னவோ, அதில் இருபதில் ஒரு பங்கை ஒவ்வொருவரும் கட்டுவது. எடுப்பவருக்கு எந்த மாதமும் ஒரு பவுண். முதலாவதுக்கும் இருபதாவதுக்கும் வித்தியாசம் இல்லை.

இடியப்ப அக்கா இந்த முறையும் அரைப் பங்கு. கடைசி இலக்கத்தை அவரே கேட்டார். "போனமுறை ரீச்சர் நிண்ட இடத்தில இந்தமுறை நான் நிக்கிறன்" என்றார். நான் மறுத்தும் தபால் கந்தோர் அம்மா எழுதிவிட்டார்.

அந்தச் சீட்டு 2025 ஓகஸ்டில் முடிந்தது. அக்காவுக்கு அரைப் பவுண் முழுதாக வந்தது, மகளுக்குத் தோடு செய்தார். ஆனால் தங்கம் ஏறிய ஏற்றத்தில், தொடக்கத்தில் 8,000 சொச்சமாக இருந்த ஒரு பங்கு முடியும்போது 12,000ஐத் தாண்டியது. எங்கள் ஒருவருக்கும் சம்பளமோ கூலியோ அப்படி ஏறவில்லை. கடைசி ஆறு மாதம் நானே இரண்டு தடவை பிந்திக் கட்டினேன். எடுப்பவருக்கு நீதியான சீட்டு, கட்டுபவருக்குப் பாரமான சீட்டு.

அடுத்ததை எதில் பிடிப்பது என்று இன்னும் பேசி முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் முற்றத்தில் இருந்து கதைத்தோம். அக்கா அரிசியில் பிடிப்போம் என்கிறார். ஐம்பது கிலோ மூடை அரிசியின் அன்றைய விலையை அளவுகோலாக வைப்போம், மாதம் பதினைந்து கிலோ அரிசிக் காசு என்றால் எல்லாராலும் கட்ட ஏலும் என்கிறார். தபால் கந்தோர் அம்மா நீலமட்டைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 2021இல் இருந்து மாதாமாதம் அரிசி விலையை எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.